அக்னி மூலை

பால் பொங்கப் போகிறது என்றதும் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். சுகர் லேண்டில் இருக்கும் அந்தப் புது வீட்டின் சமையலறை, ஊரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. ஆனாலும் பட்டுப்புடவைகள் அத்தனையும் ஒரே பாத்திரத்தை எட்டிப் பார்க்க வந்தால் இடிக்கத்தான் செய்யும். ஹால் கூரையில் இருந்த ஸ்மோக் டிடெக்டருக்கு யாரோ ஷவர் கேப் மாட்டியிருந்தார்கள். ஹோமப் புகைக்கு அது கத்த ஆரம்பித்தால் ஃபயர் எஞ்சின் வாசலில் வந்து நிற்கும். போன வருஷம் பக்கத்துத் தெரு கிரகப்பிரவேசத்தில் அப்படி ஆகி, வாத்தியார் பாதி மந்திரத்தில் லானுக்கு ஓடியிருக்கிறார். வீடு பத்மநாபனுடையது. ஹூஸ்டனில் வசந்தாமணி வேலை பார்க்கும் இன்ஜினியரிங் கம்பெனியில் அவர்தான் அவளுக்கு மேலே. ஆபீசில் வெள்ளைக்காரர்கள் எல்லாம் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட, இவள் ஒருத்தி மட்டும் இத்தனை வருஷமாக 'சார்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பாத்தேளா, கரெக்டா அக்னி மூலை" என்றாள் அவர் மனைவி காமாக்ஷி, அடுப்பைத் தடவிக் கொடுக்காத குறையாக. "தென்கிழக்குல கிச்சன் அமையணும்னே எத்தனை வீட்டை வேண்டாம்னோம் தெரியுமோ! வீடு காட்டற ரியல்டரே கடைசியில காம்பஸ் எடுத்துண்டு வர ஆரம்பிச்சுட்டான்."

அவர்கள் மகள் ஷ்ரேயா ஆஸ்டினில் காலேஜ் படிக்கிறவள். தாவணியின் தலைப்பை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "பட் வை தட் கார்னர்? வாட்ஸ் த லாஜிக்?" என்றாள்.

"வசந்தா, நீங்கதான் இன்ஜினியராச்சே, இவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்கோ" என்றாள் காமாக்ஷி.

வசந்தாமணிக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை கிடையாது என்று சொன்னால் போதாது. அந்தப் பேச்சை எடுத்தாலே அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் கணவர் கந்தசாமிதான் அதில் பித்து. தலை வடக்கே வைத்துப் படுக்கக் கூடாது என்று டாலஸில் ஒரு ஹோட்டல் கட்டிலையே ராத்திரி திருப்பிப் போட்டவர் அவர். அதைச் சொல்லிச் சொல்லியே ஊர் பூராவும் அவர் மானத்தை வாங்கியிருக்கிறாள். ஆனால் மேலதிகாரியின் வீட்டு விசேஷம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? வாயைத் திறந்தாள், பதில் தானாக வந்தது.

"சிம்பிள்டா கண்ணு. அந்த மூலையில வெச்சா ஹீட்டு, புகை எல்லாம் காத்துல வெளிய போயிரும், உள்ள தங்காது. காலை வெயில் படறதுனால ஈரமும் நிக்காது. ப்யூர் வென்டிலேஷன்."

ஷ்ரேயா விடவில்லை. "பட் ஆன்ட்டி, ஹியர் த விண்ட் கம்ஸ் ஃப்ரம் த கல்ஃப். அது சவுத் ஈஸ்ட். சோ இட் வில் ப்ளோ எவ்ரிதிங் இன்டு த ஹவுஸ், ரைட்?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அதே நேரம் பால் பொங்கி வழிந்தது. கைதட்டல், போட்டோ, காமாக்ஷியின் கண்ணில் ஈரம். அந்தச் சந்தடியில் வசந்தாமணியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதிலை அவள் முன்பே ஒருத்திக்கு எழுதியிருக்கிறாள். சூடு, காற்று, காலை வெயில், ஈரம். ஒரு வார்த்தை மாறவில்லை. வீட்டு அடுப்புக்காக எழுதியதில்லை அது.

சத்தமில்லாமல் நழுவி, துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுதியது ஜோசலின் நலுபேகாவுக்கு. உகாண்டாவில், கம்பாலாவில் இருக்கும் இன்ஜினியர். கம்பாலா மலைமேல் ஏறி, சதுப்பு நிலத்தில் இறங்கி, வருஷத்துக்கு வருஷம் வீங்கிக்கொண்டே போகிற ஊர். அங்கே ஆட்டோவுக்குப் பதில் போடா போடா: ஆளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பறக்கும் வாடகை மோட்டார் பைக். அந்த பைக்குகளின் புகையை ஒழிக்க, அவற்றை ஒவ்வொன்றாக பேட்டரி வண்டியாக மாற்றுகிறார்கள். அதற்கான நிலையங்களைத்தான் வசந்தாமணியின் கம்பெனி வரைந்து கொடுக்கிறது. கூரை பூராவும் சோலார். பழைய எலெக்ட்ரிக் கார்களில் இருந்து கழற்றிய பெரிய பேட்டரிகள் ஓர் அறையில் அடுக்கு அடுக்காக இருக்கும். பகலெல்லாம் வெயிலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பைக்குகளின் சின்ன பேட்டரிகளுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். பைக் ஓட்டுகிறவர் வருவார், காலியானதைக் கொடுப்பார், நிறைந்ததை மாட்டிக்கொண்டு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கிளம்பிவிடுவார். வருஷக்கணக்காக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஸ்விட்ச் போர்டு வரைந்து சலித்துப் போனவளுக்கு இந்த வேலை வந்தபோது, ஆகா, இதுக்குத்தான்டி நீ படிச்சே என்று இருந்தது. கிரீன் கார்டு இழுத்துக்கொண்டிருப்பதால் நாட்டை விட்டு வெளியே போகப் பயம். கம்பாலாவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. சேட்டிலைட் படத்தை வைத்தே வரைந்தாள். ஜோசலின் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து மிச்சத்தைக் காட்டினாள். வாரா வாரம் பேசிப் பேசி, வேலை முடிந்த பிறகும் சும்மா பேசிக்கொண்டிருக்கிற அளவுக்கு இருவருக்கும் பழக்கம்.

நான்காம் நிலையம் வரைந்தபோது ஜோசலின் ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். மனை தென்கிழக்குப் பக்கம் சரிகிறதே, அதற்கு அப்புறம் சதுப்பு நிலம்தானே, பேட்டரி அறையை மேலே ரோட்டோரம் வைத்தால் என்ன? அதற்குத்தான் வசந்தாமணி அந்தப் பதிலை எழுதினாள். எழுதும்போது ஒரு துளி தயக்கம் இருந்ததா? இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்தது போல மளமளவென்று வந்தது. 'புரிகிறது, நன்றி' என்று ஜோசலின் ஒத்துக்கொண்டாள்.

போனில் வரைபடத்தைத் திறந்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மழைநீர்த் தொட்டி வடகிழக்கில், ஈசான மூலையில். மேனேஜர் அறை தென்மேற்கில், கன்னி மூலையில். நாற்காலிகூட கிழக்கே பார்த்து. கக்கூஸ் வடமேற்கில். பேட்டரி தென்கிழக்கில். அடக் கடவுளே! இது கம்பாலாவில் இருக்கிற நிலையமே இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் அவள் அப்பா மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கயிறு பிடித்துக் கட்டின வீடு. பூஜை அறை ஒன்றுதான் பாக்கி. எம்.ஈ. படித்ததும் வாஸ்துவைக் கிண்டல் பண்ணியதும் எல்லாம் வாயளவில். கை தன்பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. கேட்டதற்கு மூளையும் சளைக்காமல் ஒரு காரணம் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறது.

காலையில் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது ஜோசலின் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நான்காம் நிலையம், நல்ல மழை, வரிசை பெரிதாக இருக்கிறது, எல்லாம் ஜோராக ஓடுகிறது. வசந்தாமணி சரியாகப் பார்க்காமலே ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு ஊக்கு தேடப் போய்விட்டாள். இப்போது அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். செம்மண் தண்ணீர் சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தப் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஆகாது. உள்ளே புகுந்தால் ஷார்ட் ஆகும், சூடேறும். ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பதும் பற்றும். வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றுகிற தீ அல்ல அது. அறையின் வெளிச்சுவரில் சாய்ந்தாற்போல ஒரு ரோலெக்ஸ் கடை இருக்கிறது. ரோலெக்ஸ் என்றால் அங்கே கடிகாரம் இல்லை, சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டிக் கொடுப்பது. சுவர் கதகதப்பாக இருக்கிறது என்று அந்தம்மாள் அங்கேயே கடையைப் போட்டுக்கொண்டாள் என ஜோசலின் ஒரு நாள் சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறாள். கடைக்குப் பின்னால் தகரக் கூரை வீடுகள். வசந்தாமணிக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவது எப்படி என்று தெரியும். ஹார்வி புயலின்போது அவர்கள் வீட்டு கராஜில் அது சத்தமே இல்லாமல்தான் வந்தது. கதவிடுக்கில் ஒரு கோடு, பிறகு பாய் விரித்த மாதிரி தரை முழுக்க, பிறகு காரின் டயர் காணாமல் போனது. அப்போது எல்லோரும் மாடிக்கு ஏறிக்கொண்டார்கள். அந்தத் தகரக் கூரைகளுக்கு மாடி கிடையாது.

ஜோசலினை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். அங்கே சாயங்காலம் ஆகப்போகிறது; வரிசை பெரிதாக இருக்கும் நேரம்.

சாரிடம் சொல்லலாம் என்று ஹாலுக்கு வந்தால், அவர் பூர்ணாஹுதிக்கு எழுந்து நிற்கிறார். பட்டுத்துணியில் கட்டிய கொப்பரையை இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறார், பக்கத்தில் காமாக்ஷி அவர் கையைத் தொட்டுக்கொண்டு. உறவெல்லாம் ஆளுக்கு ஒரு கை தொட்டுச் சங்கிலி மாதிரி நின்றது. அதை வெட்டிக்கொண்டு போய் 'சார், ஒரு நிமிஷம்' என்று எவள் சொல்வாள்? வசந்தாமணி தூணோரம் நின்றாள். வாத்தியார் நிதானமானவர். ஒவ்வொரு மந்திரத்தையும் முடித்துவிட்டு, இங்கே பிறந்த குழந்தைகளுக்காக இங்கிலீஷில் அர்த்தம் வேறு சொன்னார். அவளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

கணவரைத் தேடிப் பிடித்து கராஜுக்கு இழுத்துப் போனாள். கேட்டரிங் தட்டுகள் அலுமினியத் தாளை மூடிக்கொண்டு வரிசையாக இருந்தன. ரவா கேசரி வாசனை அடித்தது.

"என்ன மணி, பேயறைஞ்ச மாதிரி இருக்கறே?"

"ஏனுங்க, நானொரு பெரிய தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

கந்தசாமி முதலில் சிரித்துவிட்டார். "அட, உன்னையும் உடலியா அது? என்னையத்தான் பட்டிக்காடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவே!" பிறகு அவள் நீட்டிய போட்டோவைப் பார்த்தார்; சிரிப்பு அப்படியே நின்றது. அவர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். விபத்து என்றால் என்ன, அதற்கப்புறம் நடக்கும் விசாரணை என்றால் என்ன என்று தெரிந்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொதல்ல சார்கிட்டச் சொல்லு. அவரைக் கேக்காம நீயா எதுவும் எழுதிப்போடாத. நம்ம கிரீன் கார்டு பேப்பரெல்லாம் கம்பெனி மூலமாத்தான் போயிட்டிருக்குது, தெரியுமல்ல?" என்றார்.

"அங்க ஆளுக நிக்கறாங்களுங்க."

"தெரியுது. அதுக்குத்தான் சொல்றேன், சார்கிட்டப் போ."

ஒருவழியாக பத்மநாபன் ஹோமக் கரியைக் கரைத்த பொட்டோடு கராஜுக்கு வந்தார். பஞ்சகச்சம் புதுசு, காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். நல்ல இன்ஜினியர் அவர், அதில் சந்தேகமே வேண்டாம். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. போட்டோவை வாங்கிப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். கேசரித் தட்டின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டார்.

"நானும் இதை அப்ரூவ் பண்ணியிருக்கேன், வசந்தா" என்றார் மெதுவாக. "அன்னிக்கு லேஅவுட்டைப் பார்த்ததும் ஏனோ மனசுக்கு நிறைவா இருந்தது. எல்லாம் அதது இருக்க வேண்டிய எடத்துல இருக்குன்னு தோணித்து. ஏன்னு யோசிக்கவே இல்லை."

அவர் அப்படிச் சொன்னதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நிறுத்தச் சொல்லிடலாம் சார். இப்பவே. ஜோசலின் போன் எடுக்க மாட்டேங்கறா, நீங்களும் ஒரு தடவை ட்ரை பண்ணுங்க."

அவர் கதவு வழியே உள்ளே, ஷவர் கேப் மாட்டிய ஹால் கூரையை ஒரு தரம் பார்த்தார். வீட்டைப் பார்த்தார் என்றும் சொல்லலாம். "மண்டே கம்பாலா சிட்டியோட ரிவ்யூ இருக்கு. அவா அடுத்த கட்டத்துக்கு ஓகே பண்ணினா, சிட்டி முழுக்க ஸ்டேஷன் வரும். எத்தனை ஆயிரம் வண்டிப் புகை நிக்கும், யோசிச்சுப் பாருங்கோ. இன்னிக்கு நாம 'டிசைன் தப்பு'ன்னு எழுதிட்டா மொத்தமா மூடிடுவா. பாட்டரி வண்டியே டேஞ்சர்னு பேப்பர்ல போட்டுடுவா. நிறுத்தச் சொல்லலாம், வேண்டாங்கலை. ஆனா மிஸ்டேக்னு சொல்லாதீங்கோ. ப்ரிகாஷன்னு சொல்லுங்கோ. அதே வேலை நடக்கும், வார்த்தைதான் வேற."

அதில் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல டைப் பண்ணினாள். கனமழையை முன்னிட்டு, முன்னெச்சரிக்கையாக, நான்காம் நிலையத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது பற்றி நீங்கள் பரிசீலிக்கலாம். தட்டிவிட்டு இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே காமாக்ஷி, "எங்கே போயிட்டார் இவர், ஆசீர்வாதத்துக்கு உட்காரணுமே" என்று தேடும் குரல் கேட்டது.

பதில் வந்தது. 'கவலைப்படாதே வசந்தா. மழை இன்னும் வலுக்கும் முன் வீட்டுக்குப் போக எல்லோரும் அவசரப்படுகிறார்கள், வரிசை தெரு வரை நிற்கிறது. கூட்டம் குறைந்ததும் நிறுத்துகிறேன். அந்த மூலையை நீ காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தாய். அன்றைக்கு நான்தான் சரிவைப் பார்த்து வீணாகப் பயந்தேன்.' கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

"பாருங்கோ, நிறுத்தறேன்னு சொல்லிட்டா" என்றார் பத்மநாபன். மூச்சை விட்டார். அவள் தோளைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கி, பூஜை நடுவில் யாரையும் தொடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தட்டாமலே உள்ளே போனார்.

வசந்தாமணி அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தன் பொய்யே தனக்கு ஆறுதல் சொல்கிறது. பொய் என்றுகூடத் தெரியாமல் சொன்ன பொய். அதை நம்பி ஒருத்தி மழையில் நிற்கிறாள். தன் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த சரிவை, இவள் சொன்னாளே என்பதற்காகத் தெரியாததாக ஆக்கிக்கொண்டு நிற்கிறாள். அதே வேலை நடக்கும் என்றாரே சார், நடக்காது. முன்னெச்சரிக்கை என்றால் கூட்டம் குறைகிற வரை பொறுக்கலாம். தப்பு என்றால்தான் ஓடுவார்கள். வசந்தாமணி வீடியோவில் அழைத்தாள். கந்தசாமி குறுக்கே கையை நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கை இறங்கிவிட்டது.

இந்தத் தடவை ஜோசலின் எடுத்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, நெற்றியெல்லாம் தண்ணீர். பின்னால் தகரத்தில் மழை விழும் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"ஜோசலின், காரணம் எதுவும் இல்லை" என்றாள் ஆங்கிலத்தில், கத்தி.

"எதற்கு?"

"அந்த மூலைக்கு. காற்று, வெப்பம் என்று எழுதினேனே, எதையும் நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் வீடுகளில் அடுப்பு அந்த மூலையில்தான் இருக்கும். யோசிக்காமல் அங்கே வைத்துவிட்டேன். நீ கேட்டபோது வாய்க்கு வந்த காரணத்தைச் சொன்னேன். சரிவைப் பற்றி நீ பயந்ததுதான் சரி. என் தப்பு. உடனே நிறுத்து."

மழை இரைந்தது. படம் நின்றுவிட்டதோ என்று வசந்தாமணி போனை ஆட்டினாள். நிற்கவில்லை, ஜோசலின் கண் சிமிட்டினாள்.

"அந்தக் காரணத்தை நான் நகரசபையில் சொன்னேன்" என்றாள் ஜோசலின். "உன் பேரைச் சொல்லித்தான் சொன்னேன்." அவ்வளவுதான். திரும்பி, அவர்கள் பாஷையில் ஓங்கிக் கத்தினாள். பைக்குகள் ஒவ்வொன்றாக மேட்டைப் பார்த்துத் திரும்பின. சிலர் வையும் சத்தம் கேட்டது. "அடி அடுக்கு தரையில் இருந்து எவ்வளவு உயரம்?"

"முழங்காலுக்குக் கீழே."

"தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. மொத்த இணைப்பையும் அறுக்கும் கைப்பிடி எங்கே?"

வெளியே கம்பத்தில் வைத்திருக்கலாம். மேனேஜர் அறையில் வைத்திருக்கலாம். கரண்டும் நெருப்பும் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அதையும் அங்கேயே வைத்திருந்தாள். "உள்ளே" என்றாள். "கதவுக்கு எதிர்ச் சுவரில். இங்கே இருந்து கம்ப்யூட்டரில் சார்ஜ் ஏறுவதை வேண்டுமானால் நிறுத்தலாம், பேட்டரிகளைத் துண்டிக்க முடியாது. அதைக் கையால்தான் இழுக்க வேண்டும். ஜோசலின், நீ போகாதே. ஆட்களை மட்டும் மேலே கூட்டிப் போ. எரிந்தால் எரியட்டும்."

"எரிந்தால் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்துவிட்டார்கள்." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அவசரம்தான் இருந்தது. "ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறேன், கையுறை இருக்கிறது. கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும்?"

"கீழே. பலமாக. இணைப்பு அறுந்துவிட்டால் கதவுக்கு மேலே இருக்கும் வெளிவிளக்கும் அணைந்துவிடும், அதுதான் அடையாளம்."

போன் கை மாறியது. ஒரு கணம் வானம் தெரிந்தது, பிறகு முட்டை அட்டைகள், பிறகு ஒரு வயதான பெண்ணின் பெருவிரல். ரோலெக்ஸ் கடைக்காரி போனை முட்டை அட்டையில் சாய்த்து நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. நேரெதிரே பேட்டரி அறையின் கதவு. கதவில் மின்னல் குறி. சாயங்கால மழை இருட்டுக்குக் கதவின் மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே படி இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர். மஞ்சள் கோட்டு அதில் இறங்கி, தோளால் கதவைத் தள்ளி, உள்ளே போய் மறைந்தது.

கராஜில் சிக்னல் குறைந்து படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஐயோ, இப்போது போகக் கூடாதே! வசந்தாமணி போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். சமையலறையைத் தாண்டி, ஹாலுக்குள், ஜமக்காளத்தின் நடுவில் வந்ததும்தான் படம் தெளிந்தது. பத்மநாபனும் காமாக்ஷியும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் அட்சதையை எடுத்துக்கொண்டிருந்தார். ஏசிக் காற்றுக்குக் குத்துவிளக்கின் சுடர் ஆடியது. காமாக்ஷி மணையில் இருந்தபடியே கையைக் குவித்து அதை மறைத்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணிக்கு எதுவும் கண்ணில் படவில்லை. போனின் அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம் ஒன்றுதான் தெரிந்தது. ஒரு கைப்பிடியை இழுக்க இவ்வளவு நேரம் ஆகுமா? உள்ளே வழுக்கிவிட்டதா? தண்ணீர் அடி அடுக்கைத் தொட்டுவிட்டதா?

"அணைஞ்சிரு" என்றாள். தனக்குள் சொல்வதாகத்தான் நினைத்தாள். "அணைஞ்சிரு சாமி, அணைஞ்சிரு, அணைஞ்சு தொலையேன்…"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கு அணைந்தது என்றுகூட வாயால் சொல்லாமல், மலையேறியது, குளிர்ந்தது என்று சொல்லி வளர்ந்த கூட்டம். புது வீடு, நல்ல நாள், ஏற்றிய குத்துவிளக்குக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருத்தி அணை, அணை என்கிறாள். யாரோ, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது!" என்றார்கள். வாத்தியாரின் கை அட்சதையோடு நின்றுவிட்டது. காமாக்ஷி சுடரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வசந்தாமணியையே வெறித்துப் பார்த்தாள்.

பத்மநாபன் மட்டும் மணையை விட்டு எழுந்தார். ஆசீர்வாதத்துக்கு உட்கார்ந்தவர் நடுவில் எழக் கூடாது என்று வாத்தியார் சொன்னது அவர் காதில் விழவில்லை. அருகில் வந்து போனைப் பார்த்தார். பின்னாலேயே கந்தசாமி வந்து மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே கூட்டிப் போகத்தான் பிடித்தார். அந்தத் திறந்த கதவையும், உள்ளே இருந்த இருட்டையும், வாசலில் சுழித்துக்கொண்டு போகும் தண்ணீரையும் பார்த்ததும் பிடி தளர்ந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன. அணையட்டும், அணையட்டும் என்றுதான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பாலாவில் மழை விட்டபாடில்லை. கடைக்காரியின் கை ஒரு தரம் குறுக்கே வந்து, போன் கண்ணாடியில் விழுந்த துளிகளைத் துணியால் துடைத்துவிட்டுப் போனது. படம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் கதவின் மின்னல் குறியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மேலே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.